ஜெஸ் கில்லம்

ஜெஸ் கில்லம் (பிறப்பு: மே 24, 1998) இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கம்பிரியாப் பகுதியைச் சேர்ந்த சாக்சபோன் இசைக்கலைஞரும் வானொலித் தொகுப்பாளரும் ஆவார். ஐரோப்பியச் செவ்வியல் இசையை முதன்மையாகக் கொண்டு ஆல்ட்டோ, சொப்ரானோ ஆகிய இரு வகைச் சாக்சபோன்களையும் வாசித்து வருகிறார். 2016 ஆம் ஆண்டு நடைபெற்ற பிபிசி இளம் இசைக்கலைஞர் போட்டியின் இறுதிச் சுற்றை எட்டிய முதல் சாக்சபோன் கலைஞர் இவரே. 2018 இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடைபெற்ற புரோம்ஸ் இசைவிழாவின் இறுதி இரவில் தனி வாசிப்பாளராக மேடையேறினார். டெக்கா கிளாசிக்ஸ் இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் சாக்சபோன் கலைஞரும் இவரே ஆவார்.

சாக்சபோன் ஜாஸ், இராணுவ வாத்தியக் குழு, திரையிசை ஆகியவற்றில் நன்கு அறியப்பட்ட கருவியாக இருந்தபோதும் சிம்பொனி இசைக்குழுவில் அதற்கு நிலையான இருக்கை இல்லை. வயலின், பியானோ கலைஞர்களுக்கு இருப்பதுபோல் முந்நூறு ஆண்டுகளாகச் சேர்ந்த இசைப்படைப்புகளும் அதற்கு இல்லை. எனவே, செவ்வியல் சாக்சபோன் கலைஞர் ஒருவர் நன்றாக வாசித்தால் மட்டும் போதாது. வாசிப்பதற்கான படைப்புகளையும் அவரே தேடவோ உருவாக்கவோ வேண்டியுள்ளது. கில்லமின் இசைவாழ்வு இந்நிலைக்கு ஓர் எடுத்துக்காட்டாக அமைந்துள்ளது.

== இளமைக்காலம் ==

கில்லம் அல்வர்ஸ்டன் என்னும் சிறு சந்தை நகரில் வளர்ந்தார். மோர்காம் விரிகுடாவை ஒட்டியுள்ள இந்நகர், நகைச்சுவை நடிகர் ஸ்டான் லாரல் 1890 இல் பிறந்த ஊர் என்ற வகையில் பெயர் பெற்றது. லண்டன், மான்செஸ்டர் போன்ற பெருநகரங்களின் இசையரங்குகளிலிருந்து இவ்வூர் வெகுதொலைவில் உள்ளது. இவரது குடும்பத்தினர் இங்கு தேநீரகம் ஒன்றை நடத்தி வந்தனர்.

இவர் சாக்சபோன் வாசிக்கத் தொடங்கியது 7 வயதில் ஆகும். அருகிலுள்ள பரோ-இன்-பர்னஸ் என்னும் கப்பல் கட்டும் நகரில் பராக்குடாஸ் என்ற திருவிழாக் கலை மையம் இயங்கி வந்தது. வீதி ஊர்வலங்களுக்கான கலைகளை அங்கு கற்பித்தனர். கில்லமின் தந்தை அங்கு தாளக் கருவிகள் கற்பித்து வந்ததால் இவரும் அங்கு சென்று வந்தார். அம்மையத்தில் கிடைத்த கருவிகளுள் ஒன்றாகவே சாக்சபோன் இவருக்கு அறிமுகமானது. செவ்வியல் இசைக்கலைஞர் பலர் வீட்டிலோ இசைப்பள்ளியிலோ பியானோ அல்லது வயலினுடன் தொடங்குவது வழக்கம். கில்லமின் தொடக்கம் திருவிழாக் குழுவின் கூட்டு வாசிப்பில் அமைந்தது.

== கல்வி ==

இவர் அல்வர்ஸ்டன் விக்டோரியா உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பள்ளிப் பருவத்திலேயே மான்செஸ்டரில் உள்ள ராயல் நார்தர்ன் இசைக் கல்லூரியின் இளையோர் பிரிவில் சேர்ந்து இசை கற்றார். பின்னர் அதே கல்லூரியில் உயர்கல்வியைத் தொடர்ந்தார். ராப் பக்லண்ட், ஜான் ஹார்ல் ஆகிய இருவரும் இவரது ஆசிரியர்களுள் முதன்மையானவர்கள்.

ஜான் ஹார்ல் பிரித்தானியச் செவ்வியல் சாக்சபோன் கலைஞர்களுள் முன்னோடி ஆவார். இசையமைப்பாளராகவும் அறியப்பட்டவர். தமக்கெனப் பல புதிய படைப்புகளை இசையமைப்பாளர்களிடமிருந்து பெற்று மேடையேற்றியவர். மாணவியின் பிற்கால நிகழ்ச்சிகளில் ஆசிரியரின் இப்போக்கின் தாக்கத்தைக் காணலாம்.

கில்லம் தமது 13 ஆம் வயதில், யனகிசாவா என்னும் சப்பானியச் சாக்சபோன் தயாரிப்பு நிறுவனத்தின் ஆதரவு பெற்ற கலைஞர்களுள் மிக இளையவரானார்.

== பின்னணி: செவ்வியல் இசையில் சாக்சபோன் ==

=== கருவியின் அமைப்பு ===

சாக்சபோனின் உடல் பித்தளையால் ஆனது. ஆயினும் அது பித்தளைக் காற்றுக்கருவி வகையில் சேர்க்கப்படுவதில்லை. நாணலால் ஆன ஒற்றைச் சீவாளியின் அதிர்வினால் ஒலி எழுவதால் கிளாரினெட், ஓபோ ஆகியவற்றுடன் மரக்காற்றுக்கருவி வகையில் வைக்கப்படுகிறது. எக்காளம் போன்ற பித்தளைக் கருவிகளில் வாசிப்பவரின் உதடுகளே அதிர்கின்றன.

சாக்சபோனின் உட்குழல் ஊதுவாயிலிருந்து அடிப்பகுதி நோக்கிச் சீராக விரிந்து செல்லும் கூம்பு வடிவம் கொண்டது. ஓபோவின் குழலும், நம் நாதசுவரத்தின் குழலும் இவ்வாறே கூம்பு வடிவானவை; ஆனால் அவற்றில் இரட்டைச் சீவாளி பயன்படுகிறது. கிளாரினெட்டில் ஒற்றைச் சீவாளி உண்டு. குழல் பெரும்பாலும் உருளை வடிவானது. சாக்சபோன் இவ்விரு வகைகளின் கூறுகளையும் இணைக்கிறது. ஓபோவுக்கு எழுதப்பட்ட படைப்புகளைச் சொப்ரானோ சாக்சபோனில் வாசிக்கும்போது அவை பொருந்தி ஒலிப்பதற்குக் கூம்பு வடிவக் குழல் ஒரு காரணம் ஆகும்.

=== தோற்றமும் பிந்திய வருகையும் ===

பெல்ஜியத்தைச் சேர்ந்த கருவி வினைஞர் அடோல்ஃப் சாக்ஸ் (1814–1894) இக்கருவியைக் கண்டுபிடித்தார். 1846 இல் பாரிசில் இதற்குக் காப்புரிமை பெற்றார். இக்காலத்தில் ஹைடன், மொசார்ட், பேத்தோவன் ஆகியோர் மறைந்துவிட்டனர். சிம்பொனி இசைக்குழுவின் அமைப்பும் பெருமளவு உறுதிப்பட்டிருந்தது. ஆகவே, அக்குழுவின் அடிப்படைப் படைப்புகள் எவற்றிலும் சாக்சபோனுக்கு இடம் இல்லாமற் போயிற்று. பிரெஞ்சு இராணுவ வாத்தியக் குழுக்களே இதனை முதலில் ஏற்றுக்கொண்டன.

1857 இல் பாரிஸ் இசைக் கல்லூரியில் சாக்ஸின் பொறுப்பில் ஒரு சாக்சபோன் வகுப்பு தொடங்கப்பட்டது. அது 1870 இல் நின்றுபோனது. அதன்பின் 1942 இல் மார்செல் முயூல் பேராசிரியராக அமர்த்தப்படும் வரை, ஏறத்தாழ 70 ஆண்டுகள் அக்கல்லூரியில் இக்கருவிக்கு வகுப்பு நடைபெறவில்லை. ஒரு கருவியைத் தொடர்ந்து கற்பிக்கும் நிறுவனம் இல்லாதபோது தேர்ந்த வாசிப்பாளர்கள் உருவாவது குறைகிறது. வாசிப்பாளர்கள் குறையும்போது இசையமைப்பாளர்களும் அக்கருவிக்கு எழுதுவதில்லை. சாக்சபோனின் செவ்வியல் வரலாறு இச்சுழலில் நெடுங்காலம் சிக்கியிருந்தது.

=== படைப்புகளின் பற்றாக்குறை ===

இசைக்குழுப் படைப்புகள் சிலவற்றில் சாக்சபோன் சிறு பகுதிகளில் தோன்றுகிறது. பிசேயின் லார்லேசியன் (1872), முசோர்க்ஸ்கியின் ஓவியக் கண்காட்சிப் படைப்புக்கு ராவல் அமைத்த இசைக்குழு வடிவம் (1922), ராவலின் பொலேரோ (1928), ராக்மனினோவின் சிம்பொனிக் நடனங்கள் (1940) ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இப்படைப்புகளுக்கு இசைக்குழுக்கள் வெளியிலிருந்து சாக்சபோன் கலைஞரை அழைத்துக்கொள்வது வழக்கம். நிலையான பணியிடம் பெரும்பாலும் இருப்பதில்லை.

தனிவாசிப்புக்கான முக்கியப் படைப்புகள் பல, குறிப்பிட்ட வாசிப்பாளர்களின் முயற்சியால் தோன்றியவை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த எலிஸ் ஹால் என்னும் பெண்மணி பிரெஞ்சு இசையமைப்பாளர்களுக்குப் பணம் கொடுத்துச் சாக்சபோன் படைப்புகளை எழுதச் செய்தார். டெபுஸியின் ராப்சோடி அவ்வாறு பிறந்தது. ஜெர்மனியில் பிறந்த சிகுர்ட் ராஷெர் என்ற கலைஞருக்காக 1934 இல் கிளாசுனோவ் தமது சாக்சபோன் கன்செர்ட்டோவை எழுதினார். 1935 இல் ஜாக் இபேரின் கன்செர்ட்டினோ டா காமெராவும் ராஷெருக்காக எழுதப்பட்டது. வாசிப்பவர் தாமே முன்சென்று படைப்புகளைக் கேட்டுப் பெறுவது இக்கருவியின் மரபாகவே அமைந்துவிட்டது எனலாம்.

== பிபிசி இளம் இசைக்கலைஞர் போட்டி, 2016 ==

பிபிசி இளம் இசைக்கலைஞர் போட்டி 1978 இல் தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் இப்போட்டி பிரித்தானியாவின் இளம் வாசிப்பாளர்களுக்கான முதன்மையான போட்டிகளுள் ஒன்றாகும். விசைப்பலகை, நரம்பு, மரக்காற்று, பித்தளை, தாளம் என ஐந்து பிரிவுகளில் போட்டியாளர்கள் வாசிக்கின்றனர். இறுதிச் சுற்றில் முழு இசைக்குழுவுடன் ஒரு கன்செர்ட்டோ வாசிக்க வேண்டும்.

2016 இல் கில்லம் மரக்காற்றுப் பிரிவில் வென்று இறுதிச் சுற்றுக்குத் தேர்வானார். அப்போது இவருக்கு வயது 17. போட்டி தொடங்கி 38 ஆண்டுகளில் சாக்சபோன் கலைஞர் ஒருவர் இறுதிச் சுற்றை எட்டியது அதுவே முதல் முறை ஆகும். அவ்வாண்டு மே மாதம் லண்டன் பார்பிக்கன் மையத்தில் நடைபெற்ற இறுதிச் சுற்றில் மூவர் வாசித்தனர். பிபிசி சிம்பொனி இசைக்குழுவை மார்க் விகிள்ஸ்வொர்த் நடத்தினார். மூவரும் வாசித்த படைப்புகள் பின்வருமாறு:

* ஷேக்கு கானே-மேசன் (செல்லோ) – ஷொஸ்தகோவிச்சின் முதலாம் செல்லோ கன்செர்ட்டோ
* பென் கோல்ட்ஷைடர் (ஹார்ன்) – ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் இரண்டாம் ஹார்ன் கன்செர்ட்டோ
* ஜெஸ் கில்லம் (சாக்சபோன்) – மைக்கேல் நைமனின் வேர் த பீ டான்சஸ்

மற்ற இருவரும் தத்தம் கருவிக்குரிய புகழ்பெற்ற படைப்புகளைத் தேர்ந்தெடுத்தனர். கில்லம் தேர்ந்தெடுத்தது 1991 இல் எழுதப்பட்டது. அதை எழுதியவர் அப்போது வாழ்ந்துகொண்டிருந்த இசையமைப்பாளர். சொப்ரானோ சாக்சபோனுக்கும் இசைக்குழுவுக்கும் உரிய இப்படைப்பை நைமன், கில்லமின் ஆசிரியரான ஜான் ஹார்லுக்காகவே எழுதியிருந்தார். ஷேக்ஸ்பியரின் தி டெம்பெஸ்ட் நாடகத்தில் வரும் ஏரியலின் பாடலை இதன் தலைப்பு நினைவூட்டுகிறது. அவ்வகையில், ஆசிரியரின் முயற்சியால் பிறந்த படைப்பு ஒன்று மாணவியின் இறுதிச் சுற்று மேடைக்குப் பயன்பட்டது.

போட்டியில் ஷேக்கு கானே-மேசன் முதலிடம் பெற்றார். கில்லம் வெற்றி பெறவில்லை. ஆயினும், தொலைக்காட்சியில் ஒளிபரப்பான இந்நிகழ்ச்சி இவரைப் பரந்த மக்களிடையே அறிமுகப்படுத்தியது. சாக்சபோனைச் செவ்வியல் தனிவாசிப்புக் கருவியாக அதற்கு முன் கேட்டிராத பலருக்கும் அது புதியதாக இருந்தது.

== புரோம்ஸ் இசைவிழா ==

1895 இல் தொடங்கிய புரோம்ஸ், ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் லண்டனில் நடைபெறும் இசைவிழா ஆகும். குறைந்த கட்டணத்தில் நின்றுகொண்டே கச்சேரி கேட்கும் முறைக்குப் பெயர் பெற்றது. 1941 முதல் இதன் முதன்மை அரங்கம் ராயல் ஆல்பர்ட் மண்டபம் ஆகும்.

2017 ஜூலையில், இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் 85 ஆம் அகவையை ஒட்டி புரோம்ஸ் விழாவில் ஒரு கச்சேரி நடைபெற்றது. இதில் கில்லம் பிபிசி கச்சேரி இசைக்குழுவுடன் எஸ்கபேட்ஸ் என்னும் படைப்பை வாசித்தார். கேச் மி இஃப் யூ கேன் (2002) திரைப்படத்துக்கு வில்லியம்ஸ் அமைத்த இசையிலிருந்து உருவான சாக்சபோன் படைப்பு இது. கீத் லாக்ஹார்ட் இசைக்குழுவை நடத்தினார்.

=== இறுதி இரவு, 2018 ===

புரோம்ஸ் விழாவின் கடைசி நாள் கச்சேரி இறுதி இரவு என அழைக்கப்படுகிறது. கொடிகள், கூட்டுப்பாடல்கள், வேடிக்கை உடைகள் ஆகியவற்றுடன் கொண்டாடப்படும் இக்கச்சேரியைத் தொலைக்காட்சி, வானொலி வழியாகப் பெருந்திரளானோர் காண்பதும் கேட்பதும் உண்டு. செப்டம்பர் 8, 2018 அன்று நடந்த இறுதி இரவில் கில்லம் தனி வாசிப்பாளராகப் பங்கேற்றார். அப்போது அவருக்கு வயது 20. டாரியுஸ் மியோவின் ஸ்காரமூஷ் என்னும் படைப்பை பிபிசி சிம்பொனி இசைக்குழுவுடன் வாசித்தார். ஆண்ட்ரூ டேவிஸ் இசைக்குழுவை நடத்தினார்.

ஸ்காரமூஷ் 1937 இல் இரண்டு பியானோக்களுக்காக எழுதப்பட்டது. மியோவே பின்னர் அதனை ஆல்ட்டோ சாக்சபோனுக்கும் அமைத்தார். மூன்று பகுதிகள் கொண்ட இதன் கடைசிப் பகுதி பிரசிலேரா எனப்படும். இது சாம்பா நடனத் தாளத்தில் அமைந்தது. மியோ 1917–1918 இல் பிரேசில் நாட்டில் பிரெஞ்சுத் தூதுவரின் செயலராகப் பணியாற்றியபோது அந்நாட்டு வீதித் திருவிழா இசையை நேரில் கேட்டு அறிந்தவர். திருவிழாக் கலை மையத்தில் தொடங்கிய கலைஞருக்கு இது பொருத்தமான தேர்வாக அமைந்தது.

=== 1995 ஆம் ஆண்டின் முன்நிகழ்வு ===

புரோம்ஸ் இறுதி இரவில் சாக்சபோன் ஒலித்தது 2018 இல் முதல் முறை அன்று. 1995 இன் இறுதி இரவில் ஹாரிசன் பர்ட்விசிலின் பேனிக் என்னும் படைப்பு முதன்முதலாக அரங்கேறியது. ஆல்ட்டோ சாக்சபோன், டிரம் தொகுதி, இசைக்குழு ஆகியவற்றுக்கான இப்படைப்பில் சாக்சபோன் வாசித்தவர் கில்லமின் ஆசிரியர் ஜான் ஹார்ல். இசைக்குழுவை நடத்தியவர் இதே ஆண்ட்ரூ டேவிஸ். கொண்டாட்ட மனநிலையில் இருந்த நேயர்கள் பலருக்குப் படைப்பின் கடுமையான ஒலிகள் பிடிக்கவில்லை. பிபிசிக்குத் தொலைபேசி வழியாக ஏராளமான புகார்கள் வந்தன.

23 ஆண்டுகளுக்குப் பின் அதே மேடையில், அதே நடத்துனரின் கீழ், அதே வகைக் கருவியுடன் மாணவி நின்றார். ஆசிரியர் வாசித்தது நேயர்களுக்கு அறைகூவல் விடுத்த புத்திசை. மாணவி வாசித்தது அவர்களை எளிதில் அணுகும் நடன இசை. சாக்சபோனுக்கு இடம் தேடும் இரு வேறு வழிகளாக இவ்விரு நிகழ்வுகளையும் காணலாம்.

== இசைத்தொகுப்புகள் ==

2018 இல் கில்லம் டெக்கா கிளாசிக்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அவ்வாண்டு கிளாசிக் பிரிட் விருது ஒன்றையும் பெற்றார்.

=== ரைஸ் (2019) ===

ஏப்ரல் 2019 இல் வெளியான ரைஸ் இவரது முதல் இசைத்தொகுப்பு ஆகும். பிரித்தானியச் செவ்வியல் இசைத்தொகுப்புகளின் விற்பனை வரிசையில் இது முதலிடம் பெற்றது. இதில் இடம்பெற்றவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

# சாக்சபோனுக்கென்றே உருவான அல்லது இசையமைப்பாளரே அதற்கு அமைத்துத் தந்த படைப்புகள். மியோவின் ஸ்காரமூஷ், ஸ்பானியக் கலைஞர் பெத்ரோ இத்துரால்தேயின் பெக்கேஞ்ஞா சார்தா ஆகியவை இவ்வகையின.
# பிற கருவிகளுக்கு எழுதப்பட்டுச் சாக்சபோனுக்கு மாற்றியமைக்கப்பட்டவை. 18 ஆம் நூற்றாண்டு வெனிஸ் இசையமைப்பாளர் அலெசாண்ட்ரோ மார்செல்லோவின் ஓபோ கன்செர்ட்டோ இதற்கு எடுத்துக்காட்டு. இது சாக்சபோன் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது.
# வெகுமக்கள் இசையிலிருந்து எடுத்தாளப்பட்டவை. டேவிட் போவி, கேட் புஷ் ஆகியோரின் பாடல்கள் இவ்வகையின.

ஜான் ஹார்ல் கில்லமுக்காக எழுதிய ராண்ட் என்னும் விரைவான படைப்பும் இத்தொகுப்பில் உள்ளது. கம்பிரியாப் பகுதியின் நாட்டுப்புற மெட்டுக்கள் இதற்கு அடிப்படையாக அமைந்தன.

=== டைம் (2020) ===

செப்டம்பர் 2020 இல் வெளியான டைம் என்னும் இரண்டாம் தொகுப்பும் அதே விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. ஒரு நாளின் விடியல் முதல் இரவு வரையிலான ஓட்டத்தை இது கருவாகக் கொண்டது. மாக்ஸ் ரிக்டர், பிலிப் கிளாஸ், பிரையன் ஈனோ, பியோர்க், தாம் யார்க் ஆகியோரின் இசை இதில் இடம்பெற்றது. முதல் தொகுப்பில் வேகமும் விரல் திறனும் முன்னிற்க, இத்தொகுப்பில் நீண்ட மென்மையான தொனிகள் மேலோங்கின. இதில் கில்லம் தமது பெயரில் அமைத்துக்கொண்ட சிறு இசைக்குழுவுடன் வாசித்தார். பெரிய இசைக்குழுக்களின் அழைப்பை மட்டும் நம்பியிராமல் பயணக் கச்சேரிகளை நடத்த இக்குழு இவருக்கு வழிசெய்தது.

== வானொலிப் பணி ==

2019 ஏப்ரலில் பிபிசி வானொலி 3 இல் திஸ் கிளாசிக்கல் லைஃப் என்னும் வாராந்திர நிகழ்ச்சியைக் கில்லம் தொகுத்து வழங்கத் தொடங்கினார். அவ்வானொலியின் தொகுப்பாளர்களுள் அவரே மிக இளையவர். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஓர் இசைக்கலைஞரை விருந்தினராக அழைத்து, இருவரும் தமக்குப் பிடித்த இசைப்பதிவுகளை மாறிமாறி ஒலிக்கச் செய்து உரையாடுவது நிகழ்ச்சியின் முறை ஆகும். செவ்வியல் இசையுடன் ஜாஸ், மின்னணு இசை, நாட்டார் இசை ஆகியவையும் இதில் இடம்பெற்றன. இந்நிகழ்ச்சி வலையொலியாகவும் வெளியிடப்பட்டது.

== பெருந்தொற்றுக் காலம், 2020 ==

2020 இல் கொரோனா பெருந்தொற்றினால் பிரித்தானியாவில் கச்சேரி அரங்குகள் மூடப்பட்டன. மேடைக் கச்சேரிகளையே வருவாயாகக் கொண்ட கலைஞர்கள் பெரும் இழப்புக்கு உள்ளாயினர். காற்றுக்கருவி வாசிப்போர் மூச்சுக்காற்றை வெளியிடுவதால் அவர்களின் கூட்டு வாசிப்பு குறித்துத் தனியான அச்சமும் நிலவியது.

இக்காலத்தில் கில்லம், எந்தத் தகுதி நிலையில் உள்ளவரும் வீட்டிலிருந்தே பங்கேற்கக்கூடிய இணையவழி இசைக்குழு ஒன்றைத் தொடங்கினார். பங்கேற்போர் தம் பகுதியைத் தனியாக வாசித்துக் காணொளியாக அனுப்ப, அவை ஒன்றுசேர்க்கப்பட்டு ஒரே கச்சேரியாக வெளியிடப்பட்டன. டேவிட் போவியின் வேர் ஆர் வீ நவ், த வீக்கெண்ட் என்னும் கலைஞரின் பிளைண்டிங் லைட்ஸ் ஆகிய பாடல்கள் இவ்வாறு வாசிக்கப்பட்டன. இம்முயற்சியில் 30க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 2,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். சிறு குழந்தைகளும் 90 வயதைக் கடந்தோரும் இதில் அடங்குவர்.

== புதிய படைப்புகள் ==

கில்லமின் பிற்காலப் பணியில் புதிய படைப்புகளை அரங்கேற்றுவது முதன்மை பெற்றது. இவற்றுள் குறிப்பிடத்தக்கது ஆன்னா கிளைன் எழுதிய கிளாஸ்லேண்ட்ஸ் ஆகும். சொப்ரானோ சாக்சபோனுக்கும் இசைக்குழுவுக்கும் உரிய இந்தக் கன்செர்ட்டோவைக் கில்லம் 2023 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் சிம்பொனி இசைக்குழுவுடன் முதன்முதலாக வாசித்தார். அயர்லாந்து நாட்டார் கதைகளில் வரும் பான்ஷி என்னும் உருவம் இதற்குக் கருவாக அமைந்தது. வீட்டில் நிகழப்போகும் சாவை ஓலமிட்டு முன்னறிவிக்கும் பெண் ஆவியாக அக்கதைகள் பான்ஷியைக் கூறுகின்றன. மனிதக் குரலை ஒத்த அழுகையும் கூச்சலும் சாக்சபோனில் எழுப்பத்தக்கவை ஆதலால் இக்கருவுக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது.

பிரித்தானிய இசையமைப்பாளர்களான கார்ல் ஜென்கின்ஸ், டானி ஹவர்ட் ஆகியோரும் இவருக்கெனச் சாக்சபோன் கன்செர்ட்டோக்களை எழுதியுள்ளனர். ஒரு கன்செர்ட்டோ முதல் அரங்கேற்றத்துடன் நின்றுவிடாமல் வேறு கலைஞர்களாலும் மீண்டும் மீண்டும் வாசிக்கப்படும்போதே அது கருவியின் பொதுச் சொத்தாகிறது. ஹார்லுக்காக எழுதப்பட்ட நைமனின் படைப்பைக் கில்லம் 2016 இல் வாசித்தது இதற்குச் சான்று. கில்லமுக்காக எழுதப்பட்ட படைப்புகளும் அவ்வாறு அடுத்த தலைமுறையினரின் கைக்குச் செல்லுமா என்பதைப் பொறுத்தே இம்முயற்சியின் நீடித்த பயன் அமையும்.

== சொந்த ஊரும் சமூகப் பணியும் ==

கில்லம் பள்ளிக் காலத்திலிருந்தே அல்வர்ஸ்டனில் தம் பொறுப்பில் கச்சேரித் தொடர் ஒன்றை நடத்தி, புகழ்பெற்ற கலைஞர்களை அச்சிறு நகருக்கு அழைத்து வந்தார். பெருநகரங்களுக்குச் செல்லாமலே உள்ளூர் மக்கள் நேரடியாக இசை கேட்க இது வாய்ப்பளித்தது. ஒரு கச்சேரிக்குக் கலைஞரை அழைப்பது, அரங்கை நிரப்புவது, செலவை ஈடுகட்டுவது ஆகியவற்றை இளவயதிலேயே இவர் அறிந்துகொண்டது பின்னாளில் தமது குழுவை நடத்தத் துணைபுரிந்தது எனலாம்.

பொருள்வசதி குறைந்த இளம் இசைக்கலைஞர்களுக்கு உதவும் பிரித்தானிய அறக்கட்டளை ஒன்றின் புரவலராகவும் இவர் செயற்பட்டுள்ளார். இசைக்கல்வி வசதி படைத்தோருக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது என்பதை வலியுறுத்தி வருகிறார். இவருடைய சொந்த இசைப்பயணம் உள்ளூர்க் கலை மையம் ஒன்றிலிருந்து தொடங்கியது என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

2021 இல் அரசியின் பிறந்தநாள் மதிப்புப் பட்டியலில், இசைப்பணிக்காக இவருக்கு எம்பிஇ என்னும் பிரித்தானியப் பேரரசின் சிறப்பு விருது வழங்கப்பட்டது.

== இந்தியத் தொடர்பு: முன்னோடி கத்ரி கோபால்நாத் ==

செவ்வியல் சாக்சபோன் என்னும் சொல் தமிழ் வாசகர்களுக்குப் பெரும்பாலும் கருநாடக இசையையே நினைவூட்டும். மங்களூர்ப் பகுதியைச் சேர்ந்த கத்ரி கோபால்நாத் (1949–2019) சாக்சபோனைக் கருநாடக இசைக்கு ஏற்றவாறு பழக்கி, கமகங்கள் ஒலிக்கச் செய்தவர். டூயட் (1994) தமிழ்த் திரைப்படத்தில் ஒலிக்கும் சாக்சபோன் இவர் வாசித்தது. 1994 இல் லண்டன் புரோம்ஸ் விழாவுக்கு அழைக்கப்பட்டார். ஆகவே, கில்லம் மேடையேறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் முன்னரே அவ்விழாவில் சாக்சபோன் வழியே கருநாடக இசை ஒலித்தது. மரபில் இடமில்லாத கருவிக்கு வாசிப்பவரே இடம் உண்டாக்கினார் என்பது இரு இசைமுறைகளுக்கும் பொதுவாக உள்ளது.

== காலவரிசை ==

* 1998 – பிறப்பு
* 2016 – பிபிசி இளம் இசைக்கலைஞர் போட்டியின் மரக்காற்றுப் பிரிவில் வெற்றி. இறுதிச் சுற்றில் வாசிப்பு
* 2017 – புரோம்ஸ் விழாவில் ஜான் வில்லியம்ஸ் கச்சேரி
* 2018 – டெக்கா கிளாசிக்ஸ் ஒப்பந்தம். கிளாசிக் பிரிட் விருது. புரோம்ஸ் இறுதி இரவு
* 2019 – ரைஸ் வெளியீடு. பிபிசி வானொலி 3 நிகழ்ச்சித் தொடக்கம்
* 2020 – இணையவழி இசைக்குழு, டைம் வெளியீடு
* 2021 – எம்பிஇ விருது
* 2023 – கிளாஸ்லேண்ட்ஸ் முதல் அரங்கேற்றம்

== இவற்றையும் பார்க்க ==

* சாக்சபோன்
* அடோல்ஃப் சாக்ஸ்
* மார்செல் முயூல்
* கத்ரி கோபால்நாத்
* புரோம்ஸ் இசைவிழா